ஒருவர் வரவில்லை என்று ஊர் வழக்கு சாகலாமா?

மயானப் பாதை, பொதுக்கிணறு, கோயில் வழிபாடு ஆகியவற்றுக்காக ஊரார் சார்பில் தொடுக்கப்படும் வழக்குகள் விசாரணையில் தோற்றால் மேல்முறையீடு உண்டு. விசாரணைக்கே வராமல் ‘டிஃபால்ட்’டில் போனால்?

சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 9 விதி 8-இன்படி, பிரதிவாதி ஆஜராகி வாதித் தரப்பு ஆஜராகாவிட்டால் வழக்கு தள்ளுபடி. விதி 9, அதே வழக்குக் காரணத்தில் அந்த வாதி புது வழக்குப் போடுவதைத் தடுக்கிறது. மிஞ்சுவது, வழக்கை மீண்டும் கோப்புக்கு எடுக்க 30 நாளுக்குள் போட வேண்டிய மனு. டிஃபால்ட் தள்ளுபடி டிக்ரி அல்ல, ஊரார் மற்றவர்களைக் கட்டாது என்று வாதாடலாம்தான். அதற்குள் பழைய வழக்கத்தைச் சொல்லக்கூடிய முதியவர்கள் எத்தனை பேர் சாட்சி சொல்ல மிஞ்சியிருப்பார்கள்?

இத்தகைய வாதிகள் யார் என்று ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சிவில் பார்க்கும் நமக்குத் தெரியும். நூற்பாலையில் ஷிப்ட் பார்ப்பவர், மலையடிவாரத் தோப்பில் கூலிக்குப் போகிறவர். ஒவ்வொரு வாய்தாவும் அவருக்கு ஒரு நாள் சம்பளம். வேலை கொடுப்பவரே எதிர்த்தரப்பாக இருந்தால், ‘இன்னும் கோர்ட்டுக்குப் போகிறாயா?’ என்ற ஒரு கேள்வி போதும். வா.சா.1 கூண்டேற மாட்டார். நாமும் ‘நோ இன்ஸ்ட்ரக்ஷன்’ சொல்லி உட்கார்ந்துவிடுவோம்.

பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதிக் கோயில் வழக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து வழக்குத் தொடுத்த இராமநாதபுரம் ராஜா சேதுபதியே இடையில் அவர்களுடன் சமரசத்துக்கு இறங்கினார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1908இல் பிரிவி கவுன்சில் நாடார்களின் நுழைவுரிமையையும் மறுத்தது. பொது உரிமையை வழக்காடும் ஒருவர் தன் விருப்பத்துக்கு அதை விட்டுவிட முடியாது என்ற கோட்பாடு, அன்று உள்ளே வர விரும்பியவர்களைத் தடுக்கப் பயன்பட்டது. உரிமை கேட்பவர்களுக்கு இன்று அது ஏன் பயன்படக் கூடாது?

சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. கட்டளை 1 விதி 8(4)இன்படி, பிரதிநிதித்துவ வழக்கைத் திரும்பப் பெறவோ சமரசம் செய்யவோ அக்கறையுள்ள அனைவருக்கும் அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். வாதி அக்கறையோடு நடத்தாவிட்டால், அதே அக்கறையுள்ள இன்னொருவரை அவரிடத்தில் நியமிக்க விதி 8(5) நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. திரும்பப் பெறுவதற்கே அறிவிப்பு வேண்டும் என்றால், டிஃபால்ட்டில் முடிப்பதற்கு முன் இன்னொரு வாதிக்கு வாய்ப்புக் கேட்பது நியாயம்தானே.

தவறு நம்முடையதாக இருந்தால் ரஃபிக் எதிர் முன்ஷிலால் (1981) தீர்ப்பு இருக்கிறது. வக்கீல் வராததற்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்ற உச்ச நீதிமன்றம், செலவுத்தொகை 200 ரூபாயை வராத வக்கீலிடமே வசூலிக்கச் சொன்னது. 1962இல் லிங்க் எதிர் வாபாஷ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நேர்மாறாக, வக்கீலின் தவறு கட்சிக்காரரையே சேரும் என்றது.

நாம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிராது போடும்போதே கட்டளை 1 விதி 8 அனுமதி பெறுங்கள். ஒரே முதலாளியிடம் வேலை பார்க்காத மூன்று நான்கு பேரை வாதிகளாக்குங்கள். முதல் வாதி பின்வாங்குவது தெரிந்தவுடன், அவகாசம் கேட்கும் மெமோவோடு நிறுத்திக்கொள்ளாமல் 8(5) மனுவையும் தாக்கல் செய்யுங்கள்.