எல்லை கடக்கும் சுட்டிகள்
நிரல்மொழிகளின் எல்லையில் சுட்டி வெறும் எண்ணாகிவிடுகிறது, ஆபத்தும் அங்கேதான். 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல், அதற்கேற்ற ஆர்ம் கருவிகளில் 64-பிட் செயலிகள் கோரிப் பெறும் நினைவக முகவரிகளின் உச்ச பைட்டில் ஒரு குறி இடப்படுகிறது. வன்பொருள் அதைப் பொருட்படுத்தாது. ஆனால் நினைவகத்தை விடுவிக்கையில் குறி அழிந்திருந்தால் நிரல் நிறுத்தப்படும்.

சி++ தரும் சுட்டியை ஜாவா 64-பிட் முழு எண்ணாக வைத்திருக்கிறது. குறியின் முதல் பிட் 1 என்றால் அவ்வெண் எதிர்மமாகும், ‘பூச்சியத்தைவிடப் பெரிதா?’ என்று பார்க்கும் நிரல் சரியான சுட்டியையே நிராகரித்துவிடும். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்ணோ 53 பிட் துல்லியமே உடையது.

குறியற்ற முகவரிகளைக் கொண்ட சோதனை இவற்றைக் காட்டாது. குறியுடன் அனுப்பி, திரும்பியதைப் பிட் பிட்டாக ஒப்பிட்டு, நினைவகத்தை விடுவித்தும் பார்ப்பதே சோதனை, மற்றது சடங்கு.