விழுந்தவனுக்கும் ஒரு வாசல்

ஜூடோ பழகச் சேரும் பிள்ளைக்கு முதலில் என்ன கற்றுக் கொடுக்கிறார்கள் தெரியுமா? விழுவதற்கு! நாடியை நெஞ்சோடு சேர்த்துத் தலையைக் காத்துக் கொண்டு, கையால் பாயை ஓங்கி அறைந்து விழ வேண்டும். அடியின் வேகம் ஓரிடத்தில் தங்காமல் உடம்பெங்கும் பரவிவிடும். இதில் தேறிய பிறகே மற்றவரை வீழ்த்தும் வித்தைகள். 1882இல் டோக்கியோவில் இக்கலையை வகுத்த ஜிகோரோ கானோ ஓர் ஆசிரியர். பிள்ளைகளின் மனம் அறிந்தவர்.

2008 ஆகஸ்ட் 11ஆம் திகதி பீஜிங் ஒலிம்பிக்கில் நடந்த 73 கிலோ எடைப் பிரிவு ஜூடோப் போட்டியைப் பெற்றோர் அனைவரும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

இறுதிப் போட்டியில் மோதியவர்கள் அசர்பைஜானின் எல்னூர் மம்மத்லியும் தென் கொரியாவின் வாங் கி-சுன்னும். ஒருவருக்கு வயது 20, மற்றவருக்கு 19. முந்திய ஆண்டு ரியோ டி ஜெனீரோவில் நடந்த உலகச் சம்பியன் இறுதிப் போட்டியிலும் இவர்களே மோதினர். அன்று வென்றவர் வாங். பீஜிங்கில் ஐந்து நிமிடத்துக்கு வகுக்கப்பட்ட போட்டி 13 விநாடிகளில் முடிந்தது. எதிராளியை முதுகு படும்படி வீழ்த்தினால் கிடைக்கும் முழுப் புள்ளியைப் பெற்று மம்மத்லி தங்கம் வென்றார். வாங்கோ காலிறுதியில் முறிந்த விலா எலும்போடுதான் அந்தப் பாயில் ஏறியிருந்தார். அவர் அதோடு ஓய்ந்துவிடவில்லை. 2009இல் ரொட்டர்டாமில் மீண்டும் உலகச் சம்பியனானார்.

அந்தக் காலிறுதியில் வாங்கிடம் தோற்றவர் பிரேசிலின் லியாண்ட்ரோ கிலெய்ரோ. வேறு விளையாட்டாக இருந்தால் பையைத் தூக்கிக் கொண்டு வீடு திரும்பியிருப்பார். ஜூடோவில் அப்படியல்ல. முன்னேறிச் செல்லும் வீரரிடம் தோற்றவர்களுக்கு அன்றைய விதிப்படி மறு வாய்ப்பு இருந்தது. அந்தச் சுற்றில் எல்லோரையும் வென்றால் வெண்கலம். கிலெய்ரோ அந்த வாசலால் நுழைந்து பதக்கத்தோடு வெளியே வந்தார்.

மற்றொரு வெண்கலம் தஜிகிஸ்தானின் ரசூல் போகியேவுக்கு. 1992 முதல் 1997 வரை உள்நாட்டுப் போரில் சிதைந்த சிறிய நாடு அது. அந்நாட்டின் வரலாற்றில் முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. வெண்கலம் பெற்ற இருவருமே அன்று ஒரு முறை தோற்றவர்கள். எனினும் இருவரும் தமது கடைசிப் போட்டியை வென்றுவிட்டே பாயை விட்டு இறங்கினார்கள்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். சாதாரண தரப் பெறுபேறு வெளியாகிறது. மகனுக்குக் கணிதம் சித்தியில்லை. "சாச்சியின் மகன் ஒன்பது ஏ எடுத்திருக்கிறான், உனக்கு என்ன குறை வைத்தோம்?" என்று தொடங்கினால் அந்தப் பிள்ளை எங்கே போய் விழும்? சாதாரண தரத்தை மீண்டும் எழுதலாம். உயர் தரத்துக்கு மூன்று தடவைகள் தோற்றலாம். அரசாங்கமே திறந்து வைத்திருக்கும் வாசலை நாம் வீட்டுக்குள்ளிருந்து தாழிட்டு விடுகிறோம். பிள்ளை பரீட்சையில் விழுந்ததை விட, விழுந்த பின் கேட்ட வார்த்தையே பல காலம் வலிக்கிறது.

பெறுபேறு வந்த அன்று உறவினருக்கெல்லாம் தொலைபேசியில் அறிவிக்க வேண்டாம். பிள்ளையைப் பக்கத்தில் இருத்திச் சாப்பாடு கொடுங்கள். நாலைந்து நாள் கழித்து, எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில் தடுமாறினாய் என்று ஆறுதலாகக் கேளுங்கள். மறுபடி எழுதுவதா, ஒரு தொழிலைக் கற்பதா என்பதை அவனோடு கலந்து பேசுங்கள். மறு வாய்ப்பு இலவசமாகக் கிடைப்பதல்ல என்பதையும் சொல்லுங்கள். கிலெய்ரோ அதன் பிறகு ஒரு போட்டியில் கூடத் தோற்றிருக்க முடியாது.

மற்போரில் பிறரை வீழ்த்துபவரை அல்ல, கோபம் வரும் போது தன்னை அடக்கிக் கொள்பவரையே உண்மையான பலசாலியாக நபி (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டித் தந்தார்கள். பெறுபேறு வரும் நாளில் அந்தப் பலம் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் வேண்டும். அது இருந்தால், இன்ஷா அல்லாஹ், பிள்ளை தானாக எழுந்து நிற்கும்.