லேப்டாப் போனால் போகட்டும், டிஸ்க்கை விட்டுவிடாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கையில் துணிப்பை. அதற்குள் பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப். "சார், ஆன் ஆகவே மாட்டேங்குது. போர்டு போயிடுச்சு, எடைக்குப் போட்டுடுங்கன்னு கடையில சொல்லிட்டாங்க" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அவள் அப்பா தெருக்கூத்துக் கலைஞர். இப்போது இல்லை. ஊர்த் திரௌபதி அம்மன் திருவிழாவில் அவர் கர்ணன் வேஷம் கட்டி ஆடியதை செல்போனில் எடுத்து, இந்த லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தாள். அந்த செல்போன் எப்போதோ தொலைந்துவிட்டது. இது ஒன்றுதான் மிச்சம்.

என் தம்பி மகனுக்கு இந்த வேலை தெரியும். அடிப்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஹார்டு டிஸ்க்கை வெளியே எடுத்தான். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, அவ்வளவுதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கேபிள் மூலம் அதைத் தன் லேப்டாப்பில் இணைத்தான். சில படங்கள் திறக்கவில்லை. ஆனால் கர்ணன் வந்துவிட்டார். அப்பா குரல் கேட்டதும் அவள் மட்டுமல்ல, நானும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இதை ஏன் எழுதுகிறேன்? 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தொடங்கிய திட்டம் அது. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு லேப்டாப் கிடைத்தது. உங்களில் பலர் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கும். "கெட்டுப்போச்சு" என்று காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். மேசையின் கால் உடைந்தால் இழுப்பறையில் இருக்கும் நோட்டு கிழிந்துவிடுமா? போர்டு வேறு, திரை வேறு, டிஸ்க் வேறு. இதைச் சொல்லாமல் எடைக்குப் போடச் சொல்வது சரியில்லை என்பது என் கருத்து.

இன்னொன்று. உங்கள் டிஸ்க் கைமாறிப் போனால், அதில் உள்ள ஆதார் நகலும் குடும்பப் படமும் கூடவே போகும்.

சில எச்சரிக்கைகள். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். உள்ளே சுழலும் தட்டில் கீறல் விழுந்தால் மீட்பது கடினம். அது அதற்கென்றே இருக்கும் நிபுணர் வேலை. தெரியாமல் அழித்துவிட்டால், அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் ஏற்றாதீர்கள். அழிப்பது பெரும்பாலும் புத்தகத்தின் பொருளடக்கத்தில் ஒரு வரியை அடிப்பது மாதிரி. பக்கம் உள்ளேதான் இருக்கும், மேலே வேறு எழுதும் வரை. ஆனால் இப்போது வரும் எஸ்எஸ்டி அப்படியல்ல. அழித்தால் பெரும்பாலும் போனதுதான். சில புது லேப்டாப்களில் பிட்லாக்கர் பூட்டும் உண்டு. அதன் 48 இலக்க எண்ணை இன்றே தேடி எழுதி வையுங்கள். அது இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றியும் பயனில்லை.

2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா இருந்த கொலம்பியா விண்கலம் சிதறியது நினைவிருக்கும். அதில் இருந்த ஒரு டிஸ்க் வானத்திலிருந்து விழுந்து, கருகிய நிலையில் கிடைத்தது. அதிலிருந்து சுமார் 99 சதவீதத் தகவலை மீட்டார்கள். அந்தச் சோதனையின் முடிவு 2008இல் ஆய்விதழிலும் வெளிவந்தது. விண்வெளியிலிருந்து விழுந்ததே மீண்டது என்றால், நம் பரணில் கிடப்பதை ஒருமுறை பார்ப்பதில் என்ன நஷ்டம்?

ஆனால் எப்போதும் இந்த அதிர்ஷ்டம் இருக்காது. அன்றைக்கே அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "இரண்டு இடத்தில் படியெடுத்து வைம்மா. ஒன்று உன் வீட்டில், ஒன்று உன் அண்ணன் வீட்டில்." நம் முன்னோர் கல்லில் வெட்டியதையே நம்பி விடவில்லை. திருமழபாடிக் கோயிலைப் பிரித்துக் கட்டியபோது, ராஜராஜன் காலத்தில் பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்து வைத்தார்கள். ராஜேந்திரன் காலத்தில் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். கல்லுக்கே நகல் தேவைப்பட்டது. நம் டிஸ்க் எம்மாத்திரம்?

இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிப் பாருங்கள். என்ன கிடைத்தது என்று கமெண்டில் சொல்லுங்கள். நம் பள்ளி ஆண்டு விழாப் படம் ஏதாவது கிடைத்தால் எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
திருவண்ணாமலை