தொடங்க மறுக்கும் பொறியும் 'செயின்' என்னும் எச்சமும்

வெண்ணந்தூரில் விசைத்தறி நின்றுபோவதை எவரும் ஒரு நிகழ்ச்சியாகக் கருதுவதில்லை. ஊடைநூல் அறுந்தால் தறி தானே நிற்கும். அவ்வாறு நிறுத்துவதற்கென்றே அதில் ஒரு கவை வைக்கப்பட்டிருக்கிறது. நாடா மறுகரை சேராமல் பாவுக்குள் சிக்கிக்கொண்டால் தறி பலத்த ஓர் அடியோடு நிற்கும். நில்லாது போனால் பாவிழைகள் கொத்தாக அறுந்துபோகும். பக்கத்துத் தறியில் நிற்பவர் திரும்பிப் பாராமலே, ஒலி மாறிய விதத்தைக் கொண்டு காரணத்தைச் சொல்லிவிடுவார். நிற்றலும் தறியின் பேச்சுத்தான் என்னும் இந்த அறிவு, இராசிபுரம் வட்டத்தின் இந்த நெசவூரில் பள்ளிக்கூடத்தின் படியேறாதவர்க்கும் உண்டு.

அதே தெருவில் இப்போது சில வீடுகளின் சமையலறைகளில் பாத்திரம் கழுவும் பொறி வந்திறங்கியிருக்கிறது. (டிஷ்வாஷர் என்றே எல்லாரும் சொல்கிறார்கள், நாமும் அவ்வாறே சொல்வோம். 'ஏனம்' என்னும் அருஞ்சொல்லை இன்றும் நாவில் வைத்திருக்கும் இப்பகுதியில் அதற்கு 'ஏனங்கழுவி' என்று பெயரிட ஆசைதான். ஆனால் பெயரிடுவதோடு கடமை முடிந்ததாகக் கருதும் நம் துறையின் வழக்கத்திற்கு இங்கே இடங்கொடுக்க விரும்பவில்லை.) அது தொடங்கவில்லையென்றால் வீடே கைகட்டி நிற்கிறது. விளக்கு எரிகிறது, பொத்தான் அமுங்குகிறது, ஒலியில்லை. பெங்களூரில் பணிபுரியும் மகன் தொலைபேசியில் எதையோ சொல்கிறான். ஆங்கிலத்திலும் இந்தியிலுமாக அச்சிட்ட கையேடு அலமாரியின் மேல்தட்டில் உறங்குகிறது. நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பழுதுபார்ப்பவர் சேலத்திலிருந்து வந்தது ஒன்பதாம் நாள். உள்ளே மேலடுக்கை அரை அங்குலம் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார், பொறி ஓடிற்று. வருகைக் கட்டணம் பெற்றுக்கொண்டு போனார். அவர்மேல் குறை சொல்ல ஏதுமில்லை. அந்த அரை அங்குலத்தை அவ்வீட்டம்மாவுக்குத் தமிழில் எடுத்துச்சொல்ல ஒரு வரி அச்சாகவில்லையே என்பதுதான் நம் வழக்கு.

டிஷ்வாஷர் என்பது நிபந்தனைகளாலான பொறி. மின்சாரம் போதிய அளவில் வரவேண்டும். நீர் போதிய அழுத்தத்தோடு வரவேண்டும். கதவு முற்றாக அடைபட வேண்டும். அடித்தட்டில் நீர் கசிந்திருத்தல் கூடாது. கட்டளை சரியாக இடப்பட்டிருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அது அசையாது. ஆகவே 'கெட்டுப்போயிற்று' என்று முடிவுகட்டுமுன் எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்று பார்ப்பதே முறை. அதையும் வெளியிலிருந்து உள்நோக்கிப் பார்க்க வேண்டும். திருப்புளியைக் கையிலெடுப்பது கடைசிக் காரியம். பல வீடுகளில் அதுவே முதற்காரியமாக இருக்கிறது.

சுவரிலிருந்து தொடங்குவோம். இப்பொறியினுள் நீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள் ஏறத்தாழ 2000 வாட் இழுக்கும். மிக்சிக்கு என்று வைத்த 6 ஆம்பியர் முனையில் இணைப்புத்துண்டு போட்டு இதை ஓட்டலாகாது. 16 ஆம்பியர் முனை வேண்டும். விளக்கே எரியவில்லையானால் அந்த முனையில் வேறொரு கருவியைச் செருகிப் பார்த்தால் பாதி ஐயம் தீரும். மின்பலகையில் சுவிட்ச் கீழே விழுந்திருந்தால் ஒருமுறை தூக்கிவிடலாம். மறுபடியும் விழுந்தால் உள்ளே மின்கசிவு இருக்கக்கூடும். அங்கே வீரம் காட்டாமல் ஆளைக் கூப்பிடுவதே அறிவு. மின்னழுத்தம் தாழும் வேளைகளில் பொறியின் கட்டுப்பாட்டுப் பலகை தன்னைக் காத்துக்கொள்ளவே தொடங்க மறுப்பதுண்டு. 2012ஆம் ஆண்டின் நெடுநேர மின்வெட்டுகளைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மின்சாரம் வந்துபோய் வந்தபின் பொறி திகைத்து நின்றால், செருகியைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விட்டு மீண்டும் செருகுவது பலமுறை பயன் தருகிறது.

அடுத்தது கதவு. நம் பாத்திரங்கள் இப்பொறியை வடிவமைத்தவர்களின் மனத்தில் இல்லாதவை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். அவர்கள் எண்ணியது தட்டையான பீங்கான் தட்டும் கிண்ணமும். நாம் அடுக்குவதோ எவர்சில்வர் குண்டா, குக்கர், நீண்ட காம்புக் கரண்டி, விளிம்பு தூக்கிய சாப்பாட்டுத் தட்டு. ஒரு காம்பு நீட்டிக்கொண்டிருந்தாலும் கதவு மூடியதுபோல் தோன்றும். தாழ் மட்டும் விழாது. 'டக்' என்ற ஒலி கேட்கவில்லையானால் கதவு அடைபடவில்லை என்று பொருள். அந்தத் தாழினுள் இருக்கும் சிறு சுவிட்ச் 'கதவு திறந்திருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே இருக்கும்வரை பொறி ஒரு துளி நீரையும் உள்ளே விடாது. (சிலர் அந்தச் சுவிட்சைக் கம்பியால் இணைத்து ஏமாற்றுவதாகக் கேள்வி. கொதிநீரோடு செய்யும் விளையாட்டு அது, வேண்டாம்.)

கட்டளைப் பிழைகள் வேறு. சாவிச் சின்னம் எரிந்தால் குழந்தைப் பூட்டு விழுந்திருக்கிறது. உரிய பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் விலகும். திரையில் மணிக்கணக்கு தெரிந்தால் 'பின்னர்த் தொடங்குக' என்ற ஆணை இடப்பட்டிருக்கிறது. பொறி கீழ்ப்படிதலோடு காத்திருக்கிறது, வீட்டார் அதைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். பொத்தான்கள் கதவின் மேல்விளிம்பில் மறைந்திருக்கும் வகைகள் சிலவற்றில், தொடங்கு என்று அழுத்திய நான்கைந்து நொடிகளுக்குள் கதவைச் சாத்திவிட வேண்டும். தாமதித்தால் ஆணை செல்லாது. உப்பு விளக்கு எரிவதைக் கண்டு அதனால்தான் ஓடவில்லை என்று நினைப்பவர் பலர். பெரும்பாலான பொறிகளில் உப்புக் குறைந்தால் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படியுமேயன்றி ஓட்டம் நிற்பதில்லை.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நம் ஊர்களில் உண்மையான தடை அங்கேதான். பத்து மீட்டர் உயர நீர்த்தம்பம் ஏறத்தாழ ஒரு 'பார்' அழுத்தம் தரும். பல டிஷ்வாஷர்கள் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை கேட்கின்றன. அதாவது குழாய் முனையிலிருந்து தொட்டியின் நீர்மட்டம் மூன்று முதல் ஐந்து மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஒற்றைத்தள வீட்டின் மொட்டைமாடியில் தரையோடு தரையாக வைத்த பிளாஸ்டிக் தொட்டி இந்த வரம்பின் விளிம்பில்தான் நிற்கிறது. தொட்டி பாதி காலியானால் வரம்புக்குக் கீழே போய்விடும். அப்போது பொறி முனகித் தொடங்குவதுபோல் தொடங்கி, நீர் வரக் காணாமல் நின்று, குழாய்ச் சின்னத்தைக் காட்டும். தொட்டிக்கு நான்கடி உயரத்தில் ஒரு மேடை கட்டுவது புதுப் பொறி வாங்குவதைவிட மலிவு. தொட்டி போதிய உயரத்தில் இருந்தும் நீர் வரவில்லையானால், செருகியைப் பிடுங்கிக் குழாயை அடைத்துவிட்டு, நீர்க்குழல் பொறியோடு சேரும் வாயில் இருக்கும் சிறு சல்லடையை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத்தண்ணீர் ஓடும் வீடுகளில் அது சுண்ணம் பூத்து அடைத்திருக்கும். பழைய பல்துலக்கி போதும்.

இன்னொன்று. நீரை வெளியேற்றும் மோட்டார் மட்டும் ஓய்வின்றி ஓடுகிறது, வேறெதுவும் நிகழவில்லை என்றால், அடித்தட்டில் நீர் தேங்கி அங்குள்ள மிதவை மேலெழுந்திருக்கலாம். கையால் துலக்குவதற்கான சோப்புத் திரவத்தை ஒரு கரண்டி ஊற்றிவிட்டால் நுரை பொங்கி வழிந்து இந்த நிலை ஏற்படும். மின்சாரத்தைத் துண்டித்து, தேங்கிய நீரை வடித்து உலரவிட்டால் பல வேளைகளில் பொறி மீளும். மீளாவிட்டால் கசிவு எங்கோ இருக்கிறது, அது நம் கைக்கு அப்பாற்பட்டது.

இவ்வளவும் பரம இரகசியமன்று. ஐந்தாம் வகுப்புத் தமிழில் ஒரே தாளில் எழுதிவிடக்கூடியது. எழுதப்படவில்லை என்பதே செய்தி.

இந்தப் பொறிக்கும் வீட்டுக்குமான பூசல் புதிதன்று. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசபைன் காக்ரன் என்னும் பெண்மணி 1886இல் தம் பாத்திரம் கழுவும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அது பாராட்டப்பட்டது. ஆயினும் வாங்கியவை உணவகங்களும் விடுதிகளும்தாம். அக்கால இல்லங்கள் பலவற்றில் அதற்கு வேண்டிய வெந்நீர் இல்லை. பொறி ஆயத்தமாக இருந்தது. வீடு ஆயத்தமாக இல்லை. நூற்றாண்டு கடந்தும் மொட்டைமாடித் தொட்டியின் உயரத்தில் அதே கதை தொடர்கிறது.

இதற்கு நேர்மாறாக, நம் மண்ணிலேயே பிறந்த கிரைண்டரை எண்ணிப் பாருங்கள். 1950களில் கோவையில் உருவான அது தமிழ்ச் சமையலறையின் வேலையையும் கல்லையும் அறிந்தே வந்தது. கிரைண்டர் ஓடாமல் 'உம்' என்று முனகினால், 'கெப்பாசிட்டர் போயிருக்கும்' என்று பாட்டிமார் சொல்வார்கள். முனகலின்றி ஓசைமட்டும் சுழன்றால் 'பெல்ட் நழுவிவிட்டது'. கருகல் நாற்றம் வந்தால் 'காயில் கட்ட வேண்டும்'. முழுவதும் ஆங்கிலச் சொற்கள். ஆனால் அறிவு முழுவதும் தமிழில் இயங்குகிறது. கலைச்சொல் தூய்மையைவிட வாக்கியம் நம்முடையதாக இருத்தல் முதன்மையானது என்று நாம் கருதுவதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? 2011ஆம் ஆண்டின் பொதியப்பட்ட பொருள்களுக்கான எடையளவு விதிகளின்படி, பொதியின்மேல் கட்டாயமாக இடவேண்டிய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும். பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லை, அவ்வளவே. பழுதுநீக்கும் உரிமைக்கென நடுவண் அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையவாயில் திறந்தது. வீட்டுச் சாதனங்கள் அதன் நான்கு துறைகளுள் ஒன்று. நல்ல தொடக்கந்தான். ஐரோப்பிய ஒன்றியமோ 2021 மார்ச் முதல் டிஷ்வாஷரின் உதிரிப்பாகங்களைக் குறைந்தது ஏழாண்டுகளும், சிலவற்றைப் பத்தாண்டுகளும் கிடைக்கச் செய்யவேண்டும் என்று உற்பத்தியாளரைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. உரிமை ஏட்டிலிருந்து அடுப்படிக்கு வர, அதை வாசிக்கும் மொழியும் வேண்டும்.

'வெண்ணந்தூருக்கு டிஷ்வாஷர் ஒரு கேடா?' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. இலக்கிய நண்பர்களே மிகுதி. பகலெல்லாம் தார் சுற்றி, தறிச்சாலையில் நின்றுவிட்டு, இரவு பத்து மணிக்கு முற்றத்தில் குந்தி ஏனம் கழுவும் பெண்ணின் முதுகை அவர்கள் கண்டதில்லை போலும். அவளுக்கு இன்று அது எட்டாத விலைதான். ஒரு காலத்தில் கிரைண்டரும் எட்டாத விலையே. 2011க்குப் பின் அரசே அதை இலவசமாக வழங்கியது. பொறி வருமுன் மொழி வந்திருக்க வேண்டும்.

அந்த மொழியை எழுதவேண்டியவர் யார்? நாம்தான், தமிழ் பயின்றவர்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். பெ. நா. அப்புசாமி அறிவியலைத் தமிழில் எழுதியே வாழ்நாளைக் கழித்தார். நம் முதுகலைப் பாடத்திட்டங்களில் இவ்வுரைநடை வரலாற்றின் அடிக்குறிப்பு. கவிதையும் புனைகதையுமே மேனி. ஆனால் தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகளை எண்ணும்போது 'செயின்' என்பதை அவற்றுள் ஒன்றாக வைத்தார். செய்தால் என்பது பொருள். பழுதறியும் உரைநடை முழுதும் அந்த ஓர் எச்சத்தின்மேல் நிற்கிறது: விளக்கு எரியின் இது, எரியாவிடின் அது. நிபந்தனையை இத்துணைச் சிக்கனமாக ஒரே சொல்லில் அடக்கவல்ல மொழியில், 'கதவின் மூடல் நிலை உறுதிசெய்யப்படாதவிடத்து உபகரணத்தின் இயக்கமானது மேற்கொள்ளப்படமாட்டாது' என்ற வகை மொழிபெயர்ப்பைப் படிக்க நேர்வது கொடுமை. கதவு டக்கென்று விழாவிட்டால் பொறி ஓடாது. இதற்குமேல் என்ன வேண்டும்?

வரும் பருவத்தில் நம் மாணவர்க்கு ஒப்படைப்பாக இதையே கொடுக்க எண்ணியிருக்கிறோம். ஆளுக்கொரு பொறி: டிஷ்வாஷர், கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர், தண்ணீர் சுத்திகரிப்பான், வெந்நீர்க் கொதிகலன். ஒரே தாள், 'செயப்பாட்டுவினை' ஒன்றுக்கு ஒரு மதிப்பெண் குறையும். எழுதியதை அந்தப் பொறியைக் கையாளும் ஒரு பெண்மணியிடம் வாசித்துக் காட்டி, அவர் எந்தச் சொல்லில் புருவம் நெரித்தார் என்பதை ஓரத்தில் குறித்துவர வேண்டும். தறிகளுக்கு ஒப்படைப்பு இல்லை. அதற்கு வெண்ணந்தூரில் ஆசிரியர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள்.