தட்டிக் கொடுக்கும் ஆட்டம்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே அகப்பட்டுக் கொண்டிருக்கும் பள்ளிக்கூட மைதானங்களில் கால்பந்துப் பந்தயம் பார்த்திருக்கும் நேயர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். பின்வரிசைப் பையன் ஒருவன் பந்தைப் பலங்கொண்ட மட்டும் வானத்தை நோக்கி உதைக்கிறான். முன்னால் நிற்கும் நெட்டைப் பையன் அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான். மற்ற ஒன்பது பேரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். கூட்டமோ "அடி, அடி!" என்று ஆரவாரம் செய்கிறது.

இந்த ஆட்டத்தை ஏளனம் செய்வது நம் நோக்கமல்ல. அதற்கும் நியாயம் இருக்கிறது. புல் என்பது நம் மைதானங்களுக்கு மழைக்காலத்து விருந்தாளி. சரளையும் பள்ளமுமான தரையில் உருட்டிவிட்ட பந்து நண்பனிடம் போகுமா, எதிரியிடம் போகுமா என்பது ஈசுவரனுக்கே வெளிச்சம். சொந்தக் கோலுக்கு அருகில் ஒரு பையன் பந்தைத் தவறவிட்டால் குறுவட்டப் போட்டியோடு அணி வீடு திரும்ப வேண்டியதுதான். பிறகு உடற்பயிற்சி ஆசிரியரிடம் "கோப்பை எங்கே?" என்று கேட்பார்களே தவிர, "எத்தனை பையன்கள் பந்தைத் தொட்டார்கள்?" என்று கேட்பவர் யார்?

தூக்கி உதைக்கும் கட்சிக்குக் கணக்கு சாஸ்திரமும் துணைக்கு வந்தது. இங்கிலாந்து விமானப் படையில் கணக்கராக இருந்த சார்லஸ் ரீப் என்பவர் 1950 முதல் நோட்டும் பென்சிலுமாக ஆட்டங்களைக் குறித்து வந்தார். 100 கோல்களில் ஏறத்தாழ 80, மூன்று பாஸ்களுக்குள் முடிந்தவை என்று கண்டார். ஆகவே பந்தைச் சீக்கிரமாக முன்னே அனுப்புவதே உத்தமம் என்ற கட்சி அந்நாட்டில் வெகுகாலம் செல்வாக்கோடு இருந்தது. ஆனால் அவரும் பெஞ்சமின் என்பவரும் 1968-ல் வெளியிட்ட கட்டுரையிலேயே இன்னொரு விஷயம் இருக்கிறது. ஆட்டத்தில் பந்து கிடைக்கும் 100 தடவைகளில் ஏறத்தாழ 91 தடவை மூன்று பாஸ்களுக்குள் எப்படியும் முடிந்துபோகிறது. அப்படியானால் மிச்சமுள்ள ஒன்பது தடவைகளிலிருந்து 20 கோல்கள்! எட்டாம் வகுப்புப் பையனிடம் கொடுத்தால், நீளமாகத் தட்டி ஆடிய தடவைதான் இரண்டு மடங்குக்கு மேல் பலன் தந்தது என்று வகுத்துச் சொல்லிவிடுவான்.

கணக்கை நம்பாதவர்கள் கோயமுத்தூரை நினைத்துப் பார்க்கலாம். சென்னை சிட்டி அணி அந்நகரத்து நேரு ஸ்டேடியத்தைத் தன் வீடாக்கிக்கொண்டு, சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸின் பயிற்சியில், தரையோடு பந்தைப் பரிமாறி ஆடிற்று. 2019 மார்ச் 9-ம் தேதி, ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கியும் கலங்காமல், மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தை அடைந்தது. ஈஸ்ட் பெங்காலை விட ஒரே ஒரு புள்ளி அதிகம்! சில ஆண்டுகளுக்குள் அந்தக் கழகம் தேசியப் போட்டிகளிலிருந்தே மறைந்துபோனது வேறு விஷயம். அதற்கு ஆட்டமுறையைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆயினும் நம் மனத்துக்கு நெருக்கமானவர் ஹைதராபாத் சையது அப்துல் ரஹீம். அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்பதனால் நமக்குச் சற்றுப் பட்சபாதம் உண்டு, நேயர்கள் மன்னிப்பார்களாக. பந்தைக் காலிலே வைத்துக்கொண்டு ஒருவனே வளைத்து ஓடக் கூடாது என்ற விதியுடன் அவர் இளைஞர்களுக்குப் பந்தயங்கள் நடத்தினார். பழக்கமில்லாத காலால்தான் ஆட வேண்டும் என்றும் சில பந்தயங்கள் வைத்தார். அவருடைய பயிற்சியில்தான் இந்தியா 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நான்காம் இடம் பெற்றது; 1962-ல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வென்று ஆசியத் தங்கம் கொணர்ந்தது. அவ்விரண்டு அணிகளிலும் இருந்த துளசிதாஸ் பலராம், செகந்தராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர்.

பெற்றோர்களுக்கு இதில் என்ன கவலை என்று கேட்கலாம். தூக்கி உதைக்கும் அணியில் பன்னிரண்டு வயதிலேயே வளர்ந்துவிட்ட பையனுக்குத்தான் இடம். தாயும் தகப்பனும் ஷிப்டு வேலைக்குப் போகும் வீட்டிலிருந்து வரும் ஒல்லிப் பையனும், ஒடிஸ்ஸாவிலிருந்து வந்து தமிழ் இன்னும் பிடிபடாத பையனும் கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் பாட்டிலோடு நிற்கிறார்கள். பதினாறு வயதில் அவர்களும் உயர்ந்துவிடலாம். அதற்குள் ஆட்டத்தையே விட்டிருப்பார்கள்.

நம் பள்ளிகள் ரஹீமைப் பின்பற்றி ஒரு பந்தயம் வைத்துப் பார்க்கட்டும். பதினான்கு வயதுக்குட்பட்டவர்கள், பக்கத்துக்கு ஏழு பேர், பாதி மைதானம். முழங்காலுக்கு மேல் பந்து எழும்பினால் எதிர்க்கட்சிக்கு. கோப்பை வேண்டாம். சரளைக் கல்லைப் பொறுக்கி எடுக்க மட்டும் முந்தின சனிக்கிழமை எல்லோரும் வந்துவிட வேண்டும், ஆசிரியர்கள் உட்பட.