எலிவளையும் குளக்கட்டும்

மாரி தொடங்குமுன் குளக்கட்டைச் சுற்றிப் பார்த்து, எலிவளை கண்டவிடத்து மண்ணிட்டு இறுக்குதல் மட்டக்களப்பு வேளாண் மக்களின் தொன்றுதொட்ட வழக்கமாகும். வட்டை விதானையார் அயர்ந்தால் என்ன நேருமென வாவிக்கரையிற் பிறந்தார்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அத்தகைய காவல் இன்று கணினிக்கும் வேண்டுமென்பதே இம்மலரிலே நாம் கூறவிழைவது.

கணினியை இயக்கும் பணிசெயல் முறைமையின் உட்கரு ‘கேர்னல்’ எனப்படும். நினைவகமும் கோப்புகளும் அதன் ஆட்சிக்குட்பட்டவை. ஆங்கே துளை உண்டாயின், மேலே எத்தனை பூட்டிட்டும் பயனில்லை. நம்மிற் பலர் கையிலுள்ள அன்ட்ரொயிட் தொலைபேசிக்கும் லினக்ஸ் கேர்னலே அடிப்படை. அதில் நெடுங்காலம் இருந்த ஒரு வழு, 2016 ஒக்டோபரிலேதான் நீக்கப்பெற்றது. சாதாரணப் பயனர் ஒருவர் பொறி முழுவதற்கும் தலைவராக அது வழிவிட்டது. லினக்ஸை ஆக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அவ்வழுவைப் பதினோராண்டுகட்கு முன்னரே நீக்க முயன்றும், அத்திருத்தம் நிலைக்கவில்லை. வல்லார் கையிலும் வழு நேரும், அஃது இழுக்கன்று.

அறியப்பட்ட வழுக்களுக்குத் தனித்தனி எண்ணிடும் முறை 1999இல் தோன்றியது. 2024 பெப்ரவரி முதல் கேர்னலைப் பேணுவோரே தம் வழுக்களுக்கு எண் வழங்குகின்றனர். எண்கள் மலிந்துவிட்டனவே எனச் சிலர் அலுத்துக்கொள்வர். அதனை நாம் ஏற்கோம். எண்ணப்பட்ட வளையினும் எண்ணப்படாத வளையே கொடிது. ஆயினும், திருத்தம் வெளிவந்த அன்றே துளை இருந்த இடத்தைக் கள்வனும் அறிகின்றான். 2017 மார்ச்சில் மைக்ரோசொப்ட் திருத்தம் வழங்கியிருந்தும், அதனை இடாத கணினிகளை மே மாதத்தில் ‘வன்னக்ரை’ பல நாடுகளிற் சூறையாடிற்று.

நம் நாடும் பாடம் கற்றது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவை தாக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளாதழிந்தன. அக்காலத்திற்கு மாற்றுப்படி இருந்திலது. மின்னஞ்சல் மென்பொருளோ 2013ஆம் ஆண்டின் பழம் பதிப்பு. அதனைப் புதுப்பிக்கும் எண்ணம் 2021 முதல் இருந்தும் பணமின்மையால் தள்ளிப்போயிற்று.

ஆதலின், கல்லூரியாயினும் கூட்டுறவுச் சங்கமாயினும், கணினிக்கு ஒரு வட்டை விதானையை நியமித்தல் வேண்டும். ஒவ்வொரு கணினியின் பதிப்பும், இறுதியாக இற்றைப்படுத்திய நாளும் ஏட்டில் ஏறுக. இற்றைப்படுத்தினால் ஓடும் கணினி நின்றுவிடுமோ எனும் அச்சம் முற்றும் பொய்யன்று. முதலில் ஒன்றிற் சோதித்துப் பின் ஏனையவற்றிற்கு இடுக. மாணவர் புள்ளிகளுக்கும் பதிவேடுகளுக்கும் தனியே ஒரு படி இருத்தல் வேண்டும்.

கடல் கடந்து இத்துறையிற் பணியாற்றும் பழைய மாணவர் பலர் நம்மிடையே உளர். அவர்கள் விழாவுக்கு வரும்போது பெயர் பொறித்த கல்லொன்றை நாட்டுவதினும், இரண்டு நாள் அமர்ந்து கல்லூரிக் கணினிகளைத் திருத்தி, ஒரு மாணவனுக்கும் அவ்வேலையைப் பழக்கிச் செல்வாராயின், அதுவே உயர்ந்த காணிக்கையென நாம் கருதுகின்றோம்.