பாடம் தயாரித்தது யார்?

அந்த வீடியோ 28 நிமிடம். உரையை எழுதியது நான். ஸ்லைடு போட்டது நான். பாட முடிவில் வரும் பத்துக் கேள்விகளும் விடைகளும் என்னுடையவை. கேமரா முன் நின்று வாசித்தவர் பேராசிரியர். கடைசியில் ஓடிய பெயர்களில் ஒளிப்பதிவாளர் இருந்தார், துணைவேந்தர்கூட இருந்தார். நான் இல்லை.

2017இல் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் ஒரு பாடமென்றால் வீடியோ, வாசிப்புக் குறிப்பு, பயிற்சிக் கேள்விகள், விவாதப் பகுதி என நான்கும் வேண்டும். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை அதன் வழியே படிக்கலாம் என 2021இல் யுஜிசி விதி செய்தது. ஆக, தேவை பெருகியிருக்கிறது. வேலை ஆய்வு மாணவர்களின் தலையில் விழுகிறது.

எந்த மாணவர்கள்? ஜேஆர்எஃப் வாங்குபவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அவர் இங்கே வர வேண்டியதில்லை. மெஸ் பில் கட்ட வழியில்லாத நாங்கள் வருகிறோம். எங்கள் அறையில் ஆறு பேர், ஆறு பேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள், நால்வர் சேரியிலிருந்து வந்தவர்கள். இது தற்செயல் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். ஊதியம் வாய்வார்த்தையாகப் பேசப்படும். போன ஆண்டு முடித்த பாடத்துக்கு இன்னும் பணம் வரவில்லை.

எங்களில் ஒரு தோழர் நன்றாகப் பேசுவார். குரல் பதிவுக்குக் கேட்டபோது, "உன் இங்கிலீஷ்ல ஊர் வாடை அடிக்குதுப்பா" என்று சப்டைட்டில் திருத்த உட்கார வைத்தார்கள். தானியங்கி சப்டைட்டில் அயோத்திதாசப் பண்டிதரை ஒவ்வொரு இடத்திலும் அயோத்தி நகரமாக்கி வைத்திருந்தது. மீட்டெடுத்தவர் அவர்தான். 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய ஆண்டை நான் 1917 என்று தட்டியிருந்தேன். 1907 என்று திருத்தியதும் அவரே. பண்டிதரைத் தெரிந்தவர் அந்த அறையில் இல்லையென்றால் நாடு முழுக்க அந்தப் பிழையைத்தான் படித்திருக்கும். அவர் பெயரும் எங்கும் கிடையாது.

"அனுபவம் கிடைக்குதே" என்கிறார்கள். பெயரும் சான்றும் இல்லாத அனுபவத்தை எந்த நேர்காணலில் காட்டுவது? நாங்கள் கேட்பது பெரிதல்ல. யாரை எடுக்கிறார்கள் என்பதை நெறியாளர் காதோடு சொல்லி முடிக்காமல் அறிவிப்புப் பலகையில் போட்டு, இடஒதுக்கீட்டின்படி எடுக்கட்டும். தொகையையும் தேதியையும் எழுத்தில் தரட்டும். உழைத்தவர் பெயர் திரையில் வரட்டும். குரலுக்கும் கேமராவுக்கும் எங்களுக்கும் முறை வரட்டும்.

அடுத்த வாரம் புதிய பாடத்தின் படப்பிடிப்பு. கையெழுத்திட்ட தாள் வந்த பிறகே உரையை அனுப்புவது என்று ஆறு பேரும் பேசியிருக்கிறோம். ஆனால் எங்கள் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அதே நெறியாளர்தான். அவரிடம் யார் முதலில் போய்ச் சொல்வது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.